ஸ்விட்ச் 'கிரவுண்டு'ல் இருந்தால் போதுமா?

"ஸ்விட்சை கிரவுண்டுல போட்டுட்டுத்தான் சார் தூங்கப் போனேன். அப்புறம் எப்படி ரிக் போச்சு?"

சித்திரையில் கோடை இடிமழை முடிந்ததும் ஒருமுறை, ஐப்பசி அடைமழையில் ஒருமுறை என்று வருஷத்துக்கு இரண்டு சீசன் இந்தக் கேள்வி சர்வீஸ் மேசைக்கு வந்துவிடுகிறது. ரிக்கை, அதாவது ரேடியோ செட்டைத் திறந்தால் ரிசீவர் செவிடு, யு.எஸ்.பி. போர்ட் காலி. சில சமயம் கம்ப்யூட்டரின் மதர்போர்டும் சேர்ந்து போயிருக்கும். பல ஆன்டெனாக்களில் ஒன்றை ரிக்கோடு சேர்க்கும் ஆன்டெனா ஸ்விட்சுக்கு மட்டும் ஒரு கீறல்கூட இருக்காது.

ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பர்களே, ஆன்டெனா ஸ்விட்ச் இடிதாங்கி அல்ல. இதை எத்தனை தடவைதான் சொல்வது?

நாபை ஜி.என்.டி. என்று எழுதியிருக்கும் இடத்துக்குத் திருப்பினால் உள்ளே என்ன நடக்கிறது? ஆன்டெனாவிலிருந்து வரும் கோஆக்ஸ் கேபிளின் (நடுவில் ஒரு கம்பி, சுற்றிலும் உலோகப் பின்னல்) நடுக்கம்பி ஸ்விட்சின் உலோகப் பெட்டியோடு சேர்கிறது. அவ்வளவுதான். அந்தப் பெட்டி எதோடு சேர்ந்திருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. பின்பக்கம் எர்த்துக்கென்றே ஒரு போல்ட்டும் நட்டும் கொடுத்திருப்பார்கள். அதில் ஒயர் மாட்டியிருப்பது அபூர்வம். ஒயர் இல்லையென்றால் அந்தப் பெட்டிக்குப் பூமியை அடைய மிச்சமிருக்கும் வழி ஒன்றுதான்: ரிக்குக்குப் போகும் ஜம்பர் கேபிளின் பின்னல். பின்னலிலிருந்து ரிக்கின் உடம்பு, அங்கிருந்து யு.எஸ்.பி. கேபிள், கம்ப்யூட்டர், கடைசியில் த்ரீ பின் ப்ளக்கின் எர்த். மின்னலுக்கு நீங்களே வாசலில் வரவேற்பு வளைவு கட்டிவிட்டுத் தூங்கப் போகிறீர்கள்.

"நான் எர்த் ஒயர் மாட்டியிருக்கேனே" என்பவர்களுக்கும் ஒரு கணக்கு. ஒரு மீட்டர் ஒயருக்கு ஏறக்குறைய 1 மைக்ரோஹென்றி இண்டக்டன்ஸ் உண்டு. அதில் மைக்ரோசெகண்டுக்கு 1,000 ஆம்பியர் வேகத்தில் கரண்ட் ஏறினால், மீட்டருக்கு 1,000 வோல்ட் விழும். இரண்டாவது மாடி அறையிலிருந்து தரைக்கு 8 மீட்டர் ஒயர் என்றால் ஸ்விட்ச் பெட்டி 8,000 வோல்ட்டில் நிற்கும். மின்னலைப் பொறுத்தவரை இது குறைவான கணக்கு. மல்டிமீட்டரில் அந்த ஒயர் 'பீப்' என்று கத்தியதை வைத்து நிம்மதியாக இருக்காதீர்கள். மல்டிமீட்டர் டி.சி. பார்க்கிறது, மின்னல் டி.சி. அல்ல.

உள்ளே இருக்கும் இடைவெளியையும் பாருங்கள். காண்டாக்டுகளுக்கு நடுவே ஒன்றிரண்டு மில்லிமீட்டர். காற்று மில்லிமீட்டருக்குச் சுமார் 3,000 வோல்ட் தாங்கும். மேகத்திலிருந்து கிலோமீட்டர் கணக்கில் காற்றைக் கிழித்துக்கொண்டு வருவதற்கு இது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

ஆல்ஃபா டெல்டா போன்ற சில ஸ்விட்சுகளில் கழற்றி மாற்றக்கூடிய கேஸ் ட்யூப் கார்ட்ரிட்ஜ் (வோல்டேஜ் எல்லை மீறினால் அதை எர்த்துக்குத் திருப்பும் வாயுக்குழாய்) இருக்கும். நல்ல ஏற்பாடு. பக்கத்துத் தெருவில் விழுந்த இடியின் தூண்டலையும், வறண்ட காற்றில் ஆன்டெனாவில் சேரும் ஸ்டாட்டிக்கையும் அது வடிக்கும். ஆனால் அதுவும் அந்த எர்த் போல்ட்டை நம்பித்தான் இருக்கிறது. மொட்டை மாடியில் நேரே விழுந்தால் அதனாலும் ஒன்றும் செய்ய முடியாது.

செய்ய வேண்டியது இது. கோஆக்ஸ் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால், வெளிச்சுவரில், கூடிய மட்டும் தரைக்குப் பக்கத்தில் ஓர் உலோகத் தகடு. எல்லாக் கேபிளும் அந்த ஒரே தகட்டின் வழியாகத்தான் வர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கேஸ் ட்யூப் அரெஸ்டர். 100 வாட் ரிக்குக்கு 230 வோல்ட் ட்யூப் போடுங்கள். எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா ரிக்கோடு எவ்வளவு பொருந்தவில்லை என்பதன் அளவு; 1 என்றால் முழுப் பொருத்தம்) 3 வரை இருந்தாலும் உச்ச வோல்டேஜ் 173-ஐத் தாண்டாது. 90 வோல்ட் ட்யூப் போட்டால் நீங்கள் பேசும்போதே அது எரியும். தகட்டிலிருந்து எர்த் ராடுக்கு அகலமான செம்புப் பட்டை, நேராக, வளைவு இல்லாமல். அந்த ராடை வீட்டு எர்த்தோடும் கட்டாயம் இணைக்க வேண்டும். தனி எர்த், தனி எர்த் என்று பெருமை பேசி இரண்டையும் பிரித்து வைத்தால், இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்வது உங்கள் ரிக்தான். எர்த்திங்குக்கு ஐ.எஸ். 3043 என்று இந்தியத் தரநிலையே இருக்கிறது. உங்கள் எலெக்ட்ரீஷியனிடம் அதைச் சொல்லிக் கேளுங்கள்.

மேகம் கறுத்தால் கேபிளை அந்தத் தகட்டில், வெளிப்பக்கமாகக் கழற்றிவிடுங்கள். இடி காதில் கேட்ட பிறகு கழற்ற ஓடாதீர்கள், தயவுசெய்து. ரிக் போனால் வாங்கிக்கொள்ளலாம். கழற்றிய முனையை வீட்டுக்குள் கொண்டுவந்து கண்ணாடி பாட்டிலில் போட்டு வைக்கும் பழக்கம் ஒன்று உண்டு. அது மின்னலை உள்ளே அழைத்து உட்காரவைப்பதுதான்.

சரி, இனி ஸ்விட்ச் வாங்குவதற்கு வருவோம். மேலே '2 கிலோவாட்' என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து வாங்குகிறார்கள். 27 மெகாஹெர்ட்ஸ் சி.பி. செட்டுக்கென்று விற்கும் பிளாஸ்டிக் நாப் பெட்டியிலும் அதே எழுத்துதான் இருக்கிறது. நீங்கள் முதலில் கேட்க வேண்டிய எண் ஐசொலேஷன்: ஒரு போர்ட்டில் அனுப்பும் பவரில் எவ்வளவு மற்ற போர்ட்டில் கசிகிறது என்பது. 100 வாட் அனுப்பும்போது 20 டெசிபெல் என்றால் பக்கத்துப் போர்ட்டில் 1 வாட். 30 என்றால் 100 மில்லிவாட். 60 என்றால் 0.1 மில்லிவாட். அந்தப் பக்கத்துப் போர்ட்டில் ஒரு எஸ்.டி.ஆர். டாங்கிள் (கம்ப்யூட்டரில் செருகும் சின்ன ரிசீவர்) மாட்டியிருந்தால், 30 டெசிபெல் ஸ்விட்ச் அதன் முன்பகுதியைத் தின்றுவிடும்.

(மாடியில் இரண்டு ஆன்டெனாவையும் அடுத்தடுத்து கட்டியிருந்தால், கசிவு ஸ்விட்சுக்கு வெளியிலேயே நடந்துவிடும். அதற்கு ஸ்விட்சைத் திட்டிப் பயனில்லை.)

ஐசொலேஷனைத் தீர்மானிப்பது உள்கட்டமைப்பு. அடிமூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றிப் பாருங்கள். எஸ்.ஓ.-239 சாக்கெட்டிலிருந்து சாதாரண ஹூக்கப் ஒயர் வளைந்து நெளிந்து ஒரு ரோட்டரி ஸ்விட்சுக்குப் போனால், அதை எச்.எஃப்.போடு (30 மெகாஹெர்ட்ஸ் வரை) நிறுத்திக்கொள்ளுங்கள். 145 மெகாஹெர்ட்ஸில் அந்த ஒயரே ஓர் இண்டக்டர். வார்ப்பு உலோகத்தில் குடைந்த அறைகளும், அவற்றில் தட்டையான பித்தளைப் பட்டையும் தெரிந்தால் நம்பி வாங்கலாம். டைவா, டயமண்ட் வகை ஸ்விட்சுகள் இந்த ரகம். சாக்கெட்டின் நடுவிலுள்ள வெள்ளை இன்சுலேட்டரில் சால்டரிங் அயர்ன் நுனியை லேசாகத் தொடுங்கள். டெஃப்லான் உருகாது. உருகி நூல் விட்டால் திருப்பிக் கொடுங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். 435 மெகாஹெர்ட்ஸும் வேண்டுமென்றால் 'என்' (N) வகைக் கனெக்டர் உள்ளதாகவே எடுங்கள்.

வாட் கணக்கிலும் ஒரு வார்த்தை. 50 ஓமில் 100 வாட் என்றால் 71 வோல்ட், 1.4 ஆம்பியர். டியூனர் (பொருந்தாத ஆன்டெனாவை ரிக்குக்குப் பொருத்திக் காட்டும் பெட்டி) ஸ்விட்சுக்கு முன்னால் ரிக் பக்கம் இருந்து, ஆன்டெனா லைனில் எஸ்.டபிள்யூ.ஆர். 10 என்றால், ஸ்விட்ச் நிற்கும் இடத்தைப் பொறுத்து அது 224 வோல்ட்டையோ 4.5 ஆம்பியரையோ தாங்க வேண்டிவரும். ரிக் மீட்டர் 1.1 காட்டிக்கொண்டே இருக்கும், காண்டாக்ட் கருகிக்கொண்டே இருக்கும். அதனால் அப்படிப்பட்ட லைனில் உங்கள் பவரைப் போல பத்து மடங்கு வாட் தாங்கும் ஸ்விட்ச் வாங்குவது ஆடம்பரம் அல்ல.

தேர்ந்தெடுக்காத போர்ட்டுகள் பெட்டியோடு ஷார்ட் ஆகின்றனவா, அந்தரத்தில் நிற்கின்றனவா என்பதையும் கேளுங்கள். விற்பவருக்குத் தெரியாது. மல்டிமீட்டரை எடுத்து நீங்களே பாருங்கள். ஆன்டெனாக்களுக்கு ஷார்ட் ஆவதே நல்லது, ஸ்டாட்டிக் சேராது. ஆனால் ஒரே ஆன்டெனாவுக்கு இரண்டு ரிக் என்று ஸ்விட்சைத் திருப்பிப் போட்டிருப்பவர்கள் கவனம்: தேர்ந்தெடுக்காத ரிக்கில் தவறுதலாக பி.டி.டி. (பேசும்போது அமுக்கும் பொத்தான்) அமுக்கினால் அது ஷார்ட்டுக்குள் பவரைக் கொட்டும். ரிக்கின் பாதுகாப்புச் சர்க்யூட் காப்பாற்றலாம். தினமும் அதைச் சோதிக்காதீர்கள். இதற்கு ஸ்விட்சே வேண்டாம், 'டி' (T) கனெக்டர் போதும் என்று நினைப்பவர்களிடம் பேச ஒன்றுமில்லை. ஒரு ரிக்கின் 100 வாட்டில் பாதி மற்றதன் ரிசீவருக்குள் போகும்.

நேனோ வி.என்.ஏ. (சிக்னல் எவ்வளவு கடந்து போகிறது என்று அளக்கும் கையடக்கக் கருவி) இருந்தால் ஸ்விட்சைச் சோதிப்பது பத்து நிமிஷ வேலை. கேபிள் முனைகளில் காலிப்ரேட் செய்யுங்கள். சி.எச்.0-ஐ பொதுப் போர்ட்டிலும், சி.எச்.1-ஐத் தேர்ந்தெடுத்த போர்ட்டிலும் மாட்டி எஸ்21 (முதல் போர்ட்டிலிருந்து இரண்டாவதற்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்பது) பாருங்கள். எச்.எஃப்.இல் இழப்பு 0.2 டெசிபெல்லுக்குள் இருக்க வேண்டும். அந்த 0.2-ம்கூட 100 வாட்டில் 4.5 வாட் சூடுதான். பிறகு தேர்ந்தெடுத்த போர்ட்டில் 50 ஓம் லோட் மாட்டி, சி.எச்.1-ஐ அடுத்த போர்ட்டுக்கு மாற்றுங்கள். 28.5, 145 மெகாஹெர்ட்ஸில் வருவது ஐசொலேஷன். மைனஸ் 70 டெசிபெல்லுக்குக் கீழே காட்டினால் அது கருவியின் எல்லை, ஸ்விட்சின் சாமர்த்தியம் அல்ல. அளக்கும்போதே நாபை லேசாக ஆட்டிப் பாருங்கள். கோடு துள்ளினால் ஸ்ப்ரிங் தளர்வு.

வி.என்.ஏ. இல்லையா? டம்மி லோடை (ஆன்டெனாவுக்குப் பதில் பவரைச் சூடாக்கி விழுங்கும் 50 ஓம் ரெசிஸ்டர்) ரிக்கில் நேராக மாட்டி ஒருமுறை, ஸ்விட்ச் வழியாக ஒருமுறை எஸ்.டபிள்யூ.ஆர். பாருங்கள். 1.1 இருந்தது 1.5 ஆனால் அந்த ஸ்விட்ச் வேண்டாம். பார்த்து முடித்ததும் டம்மி லோடைக் கழற்றிவிடாமல் ஒரு போர்ட்டில் அப்படியே விடுங்கள். நாபை அதில் நிறுத்தி வைத்தால், கை தவறி ட்ரான்ஸ்மிட் ஆனாலும் பவருக்குப் போக இடம் இருக்கும். மூன்று ஆன்டெனாவுக்கு நாலு போர்ட் ஸ்விட்ச் வாங்கச் சொல்வது இதற்காகத்தான்.

பேசிக்கொண்டே நாபைத் திருப்பாதீர்கள். பி.டி.டி.யை விட்டுவிட்டு, மீட்டர் சுழிக்கு வந்த பிறகு திருப்புங்கள். ட்ரான்ஸ்மிட்டில் ஒருமுறை திருப்பினாலே வெள்ளிப் பூச்சில் குழி விழும். அடுத்த மாதம் 'சிக்னல் வருது போகுது' என்று ரிக்கைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள்.

கையால் திருப்பும் நாபுக்குப் பதில் மாடியில் ரிலே பெட்டி வைத்து 12 வோல்ட்டில் இயக்குபவர்கள் சாக்கெட்டுகள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள். கனெக்டர்களில் செல்ஃப் அமால்கமேட்டிங் டேப்பை (தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்) இழுத்துச் சுற்றுங்கள். தண்ணீர் வடிய அடியில் ஓட்டை போடச் சொல்வார்கள், சரிதான். ஆனால் அதற்குள் நுண்ணிய வலை வையுங்கள். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோரத்தில் உப்பு காண்டாக்டைத் தின்பதற்கு முன்னால் எறும்பு குடியேறிவிடும். ரிலேயின் இரண்டு தகட்டுக்கு நடுவே பல்லி முட்டை இருந்தால் எந்த ஐசொலேஷன் கணக்கும் செல்லாது.