இரண்டரை பவுண்டுக் கருவியும் நான்கு கிலோ தங்கமும்

2009 ஜூலையில் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் பகுதியில், ஹாமர்விச் என்ற ஊருக்கு அருகே உழுது போட்டிருந்த ஒரு வயலில் டெர்ரி ஹெர்பர்ட் என்பவர் மெட்டல் டிடெக்டரோடு நடந்துகொண்டிருந்தார். கருவி ஒலித்தது. தோண்டினார், தங்கம். சில அடி தள்ளி மறுபடியும் ஒலித்தது, மறுபடியும் தங்கம். பிறகு தொல்லியலாளர்கள் வந்து அந்த வயலைச் சலித்து முடித்தபோது ஏறத்தாழ 4,600 துண்டுகள் சேர்ந்திருந்தன. வாள்பிடியின் அலங்காரங்கள், தலைக்கவசத் தகடுகள், சிலுவைகள் என்று ஆயிரம் ஆண்டுக்கும் முந்தைய ஆங்கிலோ-சாக்சன் காலத்துப் பொருள்கள்; தங்கம் மட்டும் சுமார் நான்கு கிலோ. அதன் மதிப்பு 32 லட்சத்து 85 ஆயிரம் பவுண்டு என்று கணக்கிடப்பட்டு, கண்டெடுத்தவருக்கும் நிலத்தின் சொந்தக்காரருக்கும் சரிபாதியாகப் போனது.

ஹெர்பர்ட் கையிலிருந்த கருவியைப் பற்றியும் அன்று செய்திகள் வந்தன. பதினான்கு ஆண்டுப் பழையது. காரின் பின்பெட்டியைத் திறந்துவைத்துப் பழைய சாமான் விற்கும் சந்தை ஒன்றில் இரண்டரை பவுண்டுக்கு வாங்கியது.

இதைப் படித்துவிட்டு விலைக்கும் பலனுக்கும் தொடர்பே இல்லை என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். அது சரியல்ல. கூடுதலாகக் காசு கொடுத்தால் கூடுதல் ஆழம் கிடைக்கும் என்ற கடைக்காரரின் பேச்சும் சரியல்ல. 250 பவுண்டுக் கருவிக்கும் 1,500 பவுண்டுக் கருவிக்கும் உண்மையான வேறுபாடு உண்டு. அது எங்கே இருக்கிறது என்று அறிய, முனையிலிருக்கும் அந்த வட்டத் தட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே பழக்கமானது. அடுப்பின் கண்ணாடித் தளத்துக்குக் கீழே ஒரு செம்புக் கம்பிச்சுருள் இருக்கிறது. அதில் மாறுதிசை மின்னோட்டம் பாயும்போது எழும் காந்தப்புலம், பாத்திரத்தின் அடியில் சுழல் மின்னோட்டங்களைக் கிளப்புகிறது, பாத்திரம் சூடாகிறது. டிடெக்டரின் தட்டுக்குள்ளும் இதே வேலைதான். நொடிக்குப் பல ஆயிரம் முறை திசைமாறும் காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்குகிறது. அங்கே ஒரு நாணயம் கிடந்தால் அதிலும் சுழல் மின்னோட்டம் தோன்றும். சூடாக்குகிற அளவு வலிமை அதற்கு இல்லை. ஆனால் அதுவும் தன் பங்குக்கு ஒரு சின்னஞ்சிறு காந்தப்புலத்தை எழுப்பும். அந்தப் பதிலைக் கேட்பதற்கென்றே தட்டுக்குள் இன்னொரு சுருள் காத்திருக்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அனுப்பும் சுருள் பக்கத்திலேயே இருந்துகொண்டு முழங்கும்போது, மண்ணுக்கடியிலிருந்து வரும் முணுமுணுப்பு இரண்டாவது சுருளின் காதில் எப்படி விழும்? பதில் அழகானது. ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவில் சுற்றிய இரண்டு சுருள்களை, ஒன்றின் ஓரம் மற்றொன்றின்மேல் படியும்படி வைக்கிறார்கள். எவ்வளவு படிய வேண்டும் என்பதைத் துல்லியமாகச் சரிசெய்தால், அனுப்பும் சுருளின் புலம் கேட்கும் சுருளின் ஒரு பகுதியில் மேலாகவும் மறுபகுதியில் கீழாகவும் ஊடுருவித் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. முழக்கம் காணாமல் போய்விடுகிறது. வெளியிலிருந்து எது வந்து இந்தச் சமநிலையைக் குலைத்தாலும் கேட்டுவிடும்.

வருவது பழைய ஆணியா வெள்ளிக் காசா என்பதையும் கருவி ஊகிக்கிறது. பதில் எவ்வளவு உரத்து வருகிறது என்பதோடு, எவ்வளவு பிந்தி வருகிறது என்பதையும் அது அளக்கிறது. தடித்த வெள்ளி நாணயம் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் அதில் தோன்றிய மின்னோட்டம் எளிதில் அடங்காது, பதில் பிந்தும். மெல்லிய தகடு சீக்கிரம் ஓய்ந்துவிடும். இரும்புக்குக் காந்தத் தன்மையும் இருப்பதால் அதன் பதில் வேறு திசையில் சாய்கிறது. இந்தக் கால வேறுபாட்டைத்தான் திரையில் ஓர் எண்ணாகக் காட்டுகிறார்கள்.

இனி ஆழத்துக்கு வருவோம். விளம்பரங்கள் அதிகம் பேசுவதும், வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுவதும் இங்கேதான்.

விளக்கிலிருந்து இரண்டு மடங்கு தள்ளிப் போனால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். கம்பிச்சுருளின் காந்தப்புலம் அதைவிட வேகமாகத் தேய்கிறது. சுருளின் ஒரு பக்கத்தில் மின்னோட்டம் போகிறது, எதிர்ப்பக்கத்தில் திரும்பி வருகிறது. தொலைவிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றையொன்று ஏறக்குறைய ரத்து செய்துவிடுகின்றன. அதனால் சுருளின் அளவைத் தாண்டி விலகிய பிறகு, தூரம் இரு மடங்கானால் புலம் எட்டில் ஒன்றாகிவிடுகிறது. அது போகும் வழி மட்டும். நாணயத்தில் எழும் புலமும் ஒரு சின்னஞ்சிறு சுருளின் புலம்தான். திரும்பி வரும் வழியிலும் எட்டில் ஒன்றாகிறது. எட்டை எட்டால் பெருக்கினால் 64, அதாவது இரண்டின் ஆறாம் அடுக்கு.

அதாவது 20 சென்டிமீட்டரில் ஒரு நாணயத்தைக் கேட்கும் கருவி, அதே நாணயத்தை 40 சென்டிமீட்டரில் கேட்க வேண்டுமானால் அறுபது மடங்குக்கு மேல் கூர்மை தேவை. இரண்டே சென்டிமீட்டர் கூடுதலாக இறங்கவே கூர்மை ஏறத்தாழ முக்கால் பங்கு உயர வேண்டும். பல பத்தாண்டு உழைப்புக்குப் பிறகும் நாணயம் தேடும் கருவிகள் ஓரிரு சாண் ஆழத்துக்குள்ளேயே நிற்பது பொறியாளர்களின் சோம்பலால் அல்ல. இந்த ஆறாம் அடுக்கு விதி அவர்களை அங்கே நிறுத்திவைத்திருக்கிறது. பெரிய தட்டு மாட்டினால் பெரிய பொருள்களுக்கு ஆழம் சற்றுக் கூடும். ஆனால் சின்ன மோதிரம் கண்ணில் படாமல் போகும்.

இதே விதியை மறுபக்கமாகத் திருப்பிப் பாருங்கள். தட்டை நிலத்தை ஒட்டி ஆட்டாமல், கை சோர்ந்து ஐந்து சென்டிமீட்டர் உயரத்தில் வீசிக்கொண்டு போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 20 சென்டிமீட்டரில் இருந்த காசு இப்போது 25இல் இருக்கிறது. அதன் குரல் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்காகிவிட்டது. ஆயிரம் பவுண்டு கூடுதலாகக் கொடுத்து வாங்கிய கூர்மை, ஒரு சோர்ந்த கையால் கரைந்துவிடுகிறது. எடை குறைந்த, நன்றாகச் சமன்செய்த கருவிக்குக் காசு கொடுப்பது வீண் ஆடம்பரம் அல்ல என்று நான் நினைப்பது இதனால்தான்.

அப்படியானால் சுருளில் மின்சாரத்தை ஏற்றிவிட்டால் போதாதா? போதாது, ஏனென்றால் மண்ணும் பேசுகிறது. மேக்னடைட் போன்ற காந்தத் தன்மையுள்ள இரும்பு ஆக்சைடு கலந்த மண், நாணயத்தைவிடப் பல மடங்கு உரத்துப் பதில் சொல்லும். நாம் குரலை உயர்த்தினால் மண்ணும் குரலை உயர்த்தும். மூடுபனியில் மலைப்பாதை ஏறும் பஸ் முகப்பு விளக்கைக் கூட்டினால் பனிதான் இன்னும் வெளுப்பாகத் தெரியும், பாதை தெரியாது.

இந்தப் பாடம் மெட்டல் டிடெக்டரின் முதல் நாட்களிலேயே கிடைத்துவிட்டது. 1881 ஜூலை 2 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்ஃபீல்ட் சுடப்பட்டார். உடலுக்குள் தங்கிய குண்டு எங்கே இருக்கிறது என்று மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. தொலைபேசியைத் தந்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல், இரண்டு சுருள்களைச் சமன்செய்யும் இதே தத்துவத்தில் ஒரு கருவியை அவசரமாக உருவாக்கிக் கொண்டுவந்தார். சோதனைகளில் அது வேலை செய்தது. நோயாளியின் படுக்கையருகே குழம்பியது. மெத்தைக்குள் இருந்த எஃகுக் கம்பிகளும் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. தலைமை மருத்துவர் உடலின் வலப்பக்கத்தில் மட்டுமே தேட விட்டார். குண்டு இருந்ததோ இடப்பக்கத்தில். செப்டம்பர் 19இல் கார்ஃபீல்ட் இறந்தார். கருவியில் பெரிய குறை இல்லை. சுற்றியிருந்த உலோகமும், தேடச் சொன்ன இடமும் அதைத் தோற்கடித்தன. இன்று வயல்களில் நடக்கும் தோல்விகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றுதான்.

விலை உயர்ந்த கருவிகள் தங்கள் காசுக்கு வேலை செய்வது இந்த இரைச்சலுக்கு எதிராகத்தான். மலிவான கருவியில் மண்ணின் குரலைக் கழிக்கும் அளவு தொழிற்சாலையிலேயே நிலையாக வைக்கப்பட்டிருக்கும். இங்கிலாந்தின் சாதுவான பண்ணை மண்ணில் பெரும்பாலும் அதுவே போதும். அடுத்த நிலையில் உள்ளவை நடக்க நடக்க மண்ணை அளந்து தம்மைத் திருத்திக்கொள்கின்றன.

ஈரமான கடற்கரையில் சோதனை கடுமையாகிறது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால் கடற்கரை முழுவதுமே ஒரு பெரிய மெல்லிய உலோகத் தகடு போலப் பதில் சொல்லும். கூடவே மேக்னடைட் கலந்த கருமணலும் இருந்தால் ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் கருவி தடுமாறும். கருமணலைக் கழித்தால் உப்பு கத்தும், உப்பைக் கழித்தால் கருமணல் கத்தும். பல அதிர்வெண்களில் ஒரே நேரத்தில் கேட்கும் கருவிக்கு இங்கே ஒரு வழி இருக்கிறது. அதிர்வெண்ணைக் கூட்டினால் உப்பின் குரல் கூடும், காந்த மணலின் குரல் அவ்வளவாக மாறாது. இரண்டையும் ஒப்பிட்டால் இரண்டையும் கழித்துவிடலாம். கடற்கரையில் தேடுபவர்களுக்கு இந்த வேறுபாடு பகலும் இரவும் போன்றது.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துத் தங்கவயல்கள் இன்னொரு உலகம். 1980இல் அங்கே கிங்கோவர் அருகே மெட்டல் டிடெக்டரால் கண்டெடுத்த ‘நம்பிக்கையின் கை’ என்னும் தங்கக்கட்டி 27 கிலோ எடை. அப்படிப்பட்ட கட்டிகளும் மணி மணியான துகள்களும் இரும்புக் கனிமம் செறிந்த மண்ணில் கிடக்கின்றன. அங்கே துடிப்பு முறைக் கருவிகள் தேவைப்படுகின்றன. தொடர்ந்து அனுப்பிக்கொண்டிராமல், ஒரு துடிப்பை அனுப்பிச் சட்டென்று நிறுத்திவிட்டு, அடுத்து எழும் எதிரொலி எப்படித் தேய்கிறது என்று கேட்பவை அவை. மண்ணின் குரல் பெருமளவு உடனே அடங்கிவிடும். உலோகத்தினுடையது சற்று நீடிக்கும். இந்த வகையில் சிறந்தவற்றின் விலை பல ஆயிரம் டாலர். அந்த மண்ணில் 250 பவுண்டுக் கருவி வெறும் ஊளைதான் இடும். ஆனால் துடிப்பு முறைக்கு இரும்பையும் தங்கத்தையும் பிரித்துச் சொல்வது கடினம். அதே விலையுயர்ந்த கருவியை, ஆயிரம் ஆண்டுகளாக லாடமும் ஆணியும் விழுந்து கிடக்கும் ஆங்கிலேய வயலுக்குக் கொண்டுபோனால் ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு குழி வெட்ட வேண்டியிருக்கும். அங்கே மலிவான கருவியே மேல்.

அந்த ஆணி நிறைந்த வயலில் வேறொரு திறனுக்கு மதிப்பு அதிகம். ஓர் ஆணியின் ஒலி முடிந்து அடுத்த பொருளைக் கேட்க எவ்வளவு விரைவில் கருவி தயாராகிறது என்பதுதான் அது. மந்தமான கருவிக்கு ஆணியும் அதற்கு நான்கு விரல் தள்ளியிருக்கும் வெள்ளிக் காசும் ஒரே இரும்பாகத் தெரியும். மற்றவர்கள் தேடி முடித்துவிட்டதாக நினைத்த வயல்களில் நல்ல கருவிகள் புதிதாகக் கண்டெடுப்பவை பெரும்பாலும் ஆழத்திலிருந்து வருவதில்லை. குப்பையின் நிழலில் ஒளிந்திருந்தவை அவை.

இந்தத் திறன்கள் நெடுநாள் விலையுயர்ந்தவையாகவே இருப்பதும் இல்லை. 2012இல் மைன்லேப் நிறுவனத்தின் ‘சி.டி.எக்ஸ். 3030’ என்ற பல அதிர்வெண் கருவி சுமார் 2,500 டாலர். 2019இல் அதே நிறுவனம் ‘வான்குவிஷ் 340’ என்ற பல அதிர்வெண் கருவியைச் சுமார் 200 டாலருக்குக் கொண்டுவந்தது. முன்னதன் எல்லா வசதியும் பின்னதில் இல்லைதான். ஆனாலும் ஈரக் கடற்கரைக்குத் தேவையான அடிப்படை அறிவு ஏழே ஆண்டில் பத்தில் ஒரு பங்கு விலைக்கு இறங்கிவிட்டது. புதிதாகத் தொடங்கும் ஒருவர் என்னிடம் கேட்டால், பொம்மைக் கடை ரகத்தை விட்டுவிட்டு இந்த 200, 300 டாலர் அளவில் வாங்குங்கள் என்பேன். அதற்குக் கீழே கொடுக்கும் காசு வீண். அதற்கு மேலே கொடுப்பதா என்பதை உங்கள் மண்ணைப் பார்த்துவிட்டு முடிவுசெய்யலாம்.

எந்த விலையாலும் தீராத ஒன்றும் இருக்கிறது. குளிர்பான டின்னைத் திறக்கும் அலுமினிய வளையமும் மெல்லிய தங்க மோதிரமும் ஏறக்குறைய ஒரே நேரம் பிந்திப் பதில் சொல்பவை. கருவி அளப்பது ஒரு பொருள் மின்னோட்டத்தை எப்படித் தாங்குகிறது என்பதைத்தான். அது தங்கமா என்பதை அல்ல. வளையங்களைத் தவிர்க்க, திரையில் வரும் அந்த எண்ணுக்கு ஒலிக்காதபடி கருவியை அடைத்துவிட்டால் மோதிரங்களும் அதோடு போய்விடும்.

ஸ்டாஃபோர்ட்ஷயரில் அந்தப் பழைய கருவி ஏன் போதுமாக இருந்தது என்பது இப்போது புரியும். பொருள்கள் ஏர் புரட்டிய மேல்மண்ணிலேயே கிடந்தன. மண் அமைதியானது. கேட்க வேண்டியதெல்லாம் கையெட்டும் ஆழத்தில் இருந்தது. நிலத்துக்காரரின் அனுமதியோடு அந்த இடத்தில் யாரோ ஒருவர் நடக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஹெர்பர்ட்டுக்கு 17 ஆண்டுகளுக்கு முன் சஃபோக் பகுதியின் ஹாக்ஸ்னி ஊரில் நடந்ததை நான் இன்னும் அதிகம் நேசிக்கிறேன். 1992 நவம்பரில் ஒரு விவசாயி வயலில் தொலைத்த சுத்தியலைத் தேட, நண்பர் எரிக் லாஸ் தன் டிடெக்டரோடு வந்தார். காசுகள் வரத் தொடங்கின, பிறகு வெள்ளிக் கரண்டிகள். இன்னும் ஏராளமாக அடியில் இருப்பது தெரிந்தும் அவர் தோண்டுவதை நிறுத்தினார். செய்தியை அதிகாரிகளுக்குச் சொன்னார். அதனால் தொல்லியலாளர்கள் மறுநாள் வந்து, ரோமானியர் புதைத்த பெட்டிக்குள் எது எதன்மேல் அடுக்கப்பட்டிருந்தது என்பது கலையாமல், மண்கட்டிகளோடு பெயர்த்தெடுக்க முடிந்தது. ஏறத்தாழ 15,000 நாணயங்கள். எந்த விலைக் கருவியும் அந்த அடுக்கைக் காட்டியிருக்காது. இந்தியாவிலும் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்ததை மாவட்ட ஆட்சியரிடம் தெரிவித்தாக வேண்டும்.

சுத்தியலும் பிறகு அதே வயலில் கிடைத்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் புதையலோடு அதையும் வைத்திருக்கிறது.