சுனாமி கடந்துபோகும்போது கடலடியில் என்ன நடக்கிறது?

2004 டிசம்பர் 26 அன்று, சுமத்ராவை ஒட்டிக் கடலடி உடைந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. அப்போது ஜேசன்-1 என்ற செயற்கைக்கோள் தற்செயலாக இந்தியப் பெருங்கடலின் மேல் போய்க்கொண்டிருந்தது. கடல்மட்டத்தை அளப்பதுதான் அதன் வேலை. திறந்த கடலில் அது பதிவு செய்த சுனாமி அலையின் உயரம் சுமார் 60 சென்டிமீட்டர். நாகப்பட்டினத்தையும் மட்டக்களப்பையும் புரட்டிப்போட்ட அதே சுனாமி!

இந்த 60 சென்டிமீட்டரை வைத்து, ஆழ்கடலில் சுனாமி பலவீனமாக இருக்கும், கரைக்கு வந்துதான் பலம் பெறும் என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முழுப் பலமும் முதலிலிருந்தே அதனிடம் இருக்கிறது. நாம் மேற்பரப்பை மட்டும் பார்ப்பதால் கண்ணில் படுவதில்லை.

காற்று எழுப்பும் சாதாரண அலையை எடுத்துக்கொள்வோம். அடுத்தடுத்த இரண்டு முகடுகளுக்கு இடையிலான தூரத்தில் பாதி அளவு கீழே போனாலே அதன் அசைவு ஏறக்குறைய நின்றுவிடும். முகடுகள் 150 மீட்டர் இடைவெளியில் வந்தால், 75 மீட்டருக்குக் கீழே அமைதிதான். சுனாமியில் அந்த இடைவெளி நூறு கிலோமீட்டரையும் தாண்டும். அதன் கணக்கில் 4 கிலோமீட்டர் ஆழம் என்பது ஆழமே இல்லை. அதனால் மேற்பரப்பிலிருந்து தரை வரை மொத்தத் தண்ணீரும் சேர்ந்து நகர்கிறது. அது பிறந்த விதமும் அப்படித்தான். 2004இல் ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடி பிளந்து, சில நிமிடங்களில் மீட்டர் கணக்கில் மேலெழுந்தும் தாழ்ந்தும் போனது. மேலே இருந்த தண்ணீர் விலகி ஓட நேரமில்லாமல் அப்படியே தூக்கப்பட்டது.

தரையைத் தொட்டுக்கொண்டே ஓடுவதால், வேகத்தைத் தீர்மானிப்பதும் தரைதான். கடலின் ஆழத்தை மீட்டரில் எடுத்து, புவியீர்ப்பு முடுக்கமான 9.8ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வினாடிக்கு எத்தனை மீட்டர் என்பது கிடைத்துவிடும். 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு சுமார் 700 கிலோமீட்டர். 50 மீட்டர் ஆழத்தில் 80 கிலோமீட்டர். கடலடி மலைத்தொடர்களின் மேல் ஆழம் குறைவு என்பதால் அங்கே அலை மெதுவாகும், பக்கத்தில் வருவதும் அதை நோக்கி வளையும். 2004 சுனாமி இப்படித்தான் தென்மேற்கு இந்தியப் பெருங்கடல் மலைத்தொடரைப் பிடித்துக்கொண்டு அட்லாண்டிக் வரை போனது. இலங்கையைச் சுற்றி வளைந்து கொழும்பையும் கேரளக் கரையையும் தாக்கியதிலும் ஆழ வேறுபாட்டுக்குப் பங்கு உண்டு.

சரி, அலை தலைக்கு மேலே போகும்போது கடலடிக்கு என்ன ஆகிறது? 4,000 மீட்டர் ஆழத்தில், 60 சென்டிமீட்டர் அலைக்குக் கீழே தண்ணீர் வினாடிக்கு 3 சென்டிமீட்டர் வேகத்தில்தான் நகரும். கால் மணி நேரம் ஒரு பக்கம், அப்புறம் கால் மணி நேரம் மறுபக்கம். மொத்தத்தில் பதினைந்து, இருபது மீட்டர் போய்த் திரும்பும். சேற்றைக் கிளற அது போதாது. ஆனால் அதே அலை 50 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது உயரம் 1.8 மீட்டர் ஆகிறது, நீரோட்டம் வினாடிக்கு 80 சென்டிமீட்டரை எட்டுகிறது. மணல் கிளம்ப அது தாராளம்.

2011 மார்ச் 11 சுனாமிக்குப் பிறகு ஜப்பானில், சென்டாய் நகருக்கு அப்பால் கடலடியில் வைத்திருந்த அழுத்தமானிகள் இடம் மாறியிருந்தன. சுனாமி கிளறிய சேறு கனமான ஓட்டமாகச் சரிவில் இறங்கி அவற்றை நகர்த்தியது என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அலை போன பிறகும் கடலடியில் வேலை நடந்துகொண்டிருந்தது.

என்னை அதிகம் வியக்க வைப்பது வேறு ஒன்று. 60 சென்டிமீட்டர் கூடுதல் தண்ணீர் என்றால் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 600 கிலோவுக்கு மேல் எடை. அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரப்பில் ஏறும்போது, இலவம்பஞ்சு மெத்தையில் உட்கார்ந்தால் அமுங்குவதுபோல் பாறைத்தரை மிக நுண்ணிய அளவில் அமுங்குகிறது. அலை நகர்ந்ததும் நிமிர்ந்துகொள்கிறது. கடல்நீரும் துளி சுருங்கும் தன்மையுடையது. இந்த இரண்டும் சேர்ந்து சுனாமியைச் சற்றுத் தாமதப்படுத்துகின்றன. 2010இல் சிலியில் கிளம்பிய சுனாமி பசிபிக்கின் மறுகரையை அடைய, கணித்ததைவிட கால் மணி நேரம் வரை கூடுதலாக எடுத்துக்கொண்டதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

எச்சரிக்கை முறையும் இதே எடையை நம்பித்தான் இருக்கிறது. கடல்மட்டம் ஒரு சென்டிமீட்டர் ஏறினால் கடலடியில் அழுத்தம் ஏறக்குறைய ஒரு மில்லிபார் கூடும். காற்று எழுப்பும் அலைகளின் சலசலப்பு அங்கே எட்டாது என்பதால், அழுத்தமானி அதைத் தெளிவாகப் பிடித்துவிடும். மேலே மிதக்கும் மிதவை அந்தத் தகவலைச் செயற்கைக்கோள் வழியே அனுப்பும். 2007 முதல் ஹைதராபாத்தில் இயங்கும் இந்திய சுனாமி எச்சரிக்கை மையம் இத்தகைய தரவுகளைத்தான் பார்க்கிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவுள்ள நிலநடுக்கம் வந்தபோது, சென்னையில் மக்கள் கட்டடங்களைவிட்டு வெளியே ஓடி வந்தார்கள். அந்த முறை கடலடித் தட்டுகள் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் உரசி நகர்ந்தன, தண்ணீர் பெரிதாகத் தூக்கப்படவில்லை. கடலடி அழுத்தமானிகளில் சிறிய மாற்றமே பதிவானது. அன்று மாலையே எச்சரிக்கை விலக்கப்பட்டது.