நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்று டிவிக்கு எப்படித் தெரிகிறது?

சேலத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். டிவியை ஆன் செய்ததும் முகப்புத் திரையில் பாதியை விளம்பரம் அடைத்துக்கொள்கிறதாம். அவர்கள் வீட்டில் ஆப் எதையும் யாரும் தொடுவதில்லை. எச்டிஎம்ஐ வயரில் கேபிள் செட்டாப் பாக்ஸ் மட்டும்தான் ஓடுகிறது. அப்பா ஒரு வாரம் விடாமல் கிரிக்கெட் பார்த்தாராம். அதன் பிறகு முகப்பில் விளையாட்டு விளம்பரங்களாகவே வருகின்றனவாம். "டிவி எங்க பேச்சை ஒட்டுக்கேக்குதா சார்?" என்று கேட்கிறார்.

ஒட்டுக்கேட்க வேண்டிய தேவையே டிவிக்கு இல்லை. தன் திரையில் ஓடுவது எந்த நிகழ்ச்சி என்று கண்டுபிடிக்கும் வசதி பல ஸ்மார்ட் டிவிகளில் உள்ளேயே வருகிறது. இதற்கு ஆட்டோமேட்டிக் கன்டென்ட் ரெகக்னிஷன் என்று பெயர், சுருக்கமாக ஏசிஆர். கிரிக்கெட் சீசனில் எல்லா வீட்டுக்கும் விளையாட்டு விளம்பரம் வரத்தான் செய்யும். அதனால் சேலத்து வீட்டில் நடந்தது இதனால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் செட்டாப் பாக்ஸில் ஓடுவதைக்கூட டிவியால் அடையாளம் காண முடியும் என்பது சோதித்து நிரூபிக்கப்பட்ட விஷயம்.

முதலில் பணக் கணக்கை முடித்துவிடுவோம். டிவி விற்பதில் லாபம் குறைவு. விற்ற பிறகு முகப்பில் விளம்பரம் காட்டுவதிலும், யார் என்ன பார்த்தார்கள் என்ற தரவிலும்தான் காசு. அமெரிக்க நிறுவனமான விசியோ 2021-ல் டிவி விற்றுச் சம்பாதித்த மொத்த லாபத்தைவிட, விளம்பரமும் தரவும் சேர்ந்த பிரிவில் சம்பாதித்தது அதிகம். அந்த நிறுவனத்தை 230 கோடி டாலர் கொடுத்து வாங்குவதாக 2024-ல் வால்மார்ட் அறிவித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் வாங்கியும் முடித்தது. டிவியை ஆன் செய்யும்போது அது தன் விளம்பர அடையாள எண்ணைச் சொல்லி சர்வரிடம் ஒரு விளம்பரம் கேட்கிறது. அந்த எண்ணுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறதோ அதற்கேற்ற விளம்பரம் வருகிறது. அங்கே எழுதிவைப்பவற்றில் ஒன்றுதான் ஏசிஆர்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி.

4கே திரையில் 3840 பெருக்கல் 2160, அதாவது ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். ஒரே ஒரு சட்டகம், அதாவது திரையில் ஒரு கணம் தெரியும் படம் (ஃபிரேம்), 25 மெகாபைட் அளவுக்கு வந்துவிடும். விநாடிக்கு 25 சட்டகம் என்றால் சாதாரண வீட்டு இணைப்பு எதுவும் அதைச் சுமக்காது. அதனால் டிவி படத்தை அப்படியே அனுப்புவதில்லை. நிறுவனங்கள் தங்கள் முறையை முழுதாக வெளியே சொல்வதில்லை என்றாலும், காப்புரிமை ஆவணங்களில் அதன் சாரம் இருக்கிறது. திரையில் சில இடங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு இடத்திலும் ஒரு சின்னச் சதுரத்தின் சராசரி நிறத்தைக் கணக்கிடுகிறார்கள். ஒரு பேச்சுக்கு 25 இடம் என்று வையுங்கள். இடத்துக்கு மூன்று எண், ஆக 75 எண்கள், 75 பைட். 25 மெகாபைட்டில் மூன்று லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. இத்துறையில் இதைக் கைரேகை என்கிறார்கள்.

ஏன் சராசரி? உங்கள் வீட்டில் கேபிள், பக்கத்து வீட்டில் டிடிஎச். ஒரே காட்சிதான், ஆனால் சுருக்கும் விதம் வேறு, தெளிவு வேறு. தனித்தனிப் புள்ளிகளை ஒப்பிட்டால் ஒன்றுகூடச் சரியாகப் பொருந்தாது. சராசரி எடுக்கும்போது இந்தச் சின்ன ஏற்றத்தாழ்வுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். கடவுச்சொற்களைக் காக்கப் பயன்படும் ஹாஷ் கணக்கில், உள்ளே ஒரு எழுத்து மாறினால் வெளியே வருவது அடியோடு மாற வேண்டும். இங்கே நேர் எதிர். படம் கொஞ்சம் மாறினால் எண்களும் கொஞ்சம்தான் மாற வேண்டும்.

சரி, 75 எண்கள் சர்வருக்குப் போய்விட்டன. அங்கே என்ன நடக்கிறது? மூன்று எண்கள் இருந்தால் அறைக்குள் ஒரு புள்ளியைக் குறிக்கலாம் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். 75 எண்கள் என்றால் 75 பரிமாண வெளியில் ஒரு புள்ளி. கற்பனையில் வராது, ஆனால் தூரம் கணக்கிடும் சூத்திரம் அதேதான். சர்வர் நூற்றுக்கணக்கான சேனல்களைத் தானும் பார்த்துக்கொண்டே அவற்றின் புள்ளிகளைக் குறித்துவைக்கிறது. உங்கள் டிவி அனுப்பிய புள்ளிக்கு மிக அருகில் இருப்பது எது என்று கண்டுபிடித்தால் வேலை முடிந்தது. ஆனால் கோடிக்கணக்கான புள்ளிகள், லட்சக்கணக்கான டிவிகள். ஒவ்வொன்றாகத் தூரம் அளந்துகொண்டிருந்தால் நிகழ்ச்சியே முடிந்துவிடும்.

இதற்கான அழகான வழியை 1998-ல் பியோத்ர் இந்திக் என்பவரும், ஜம்முவில் பிறந்து ஐஐடி கான்பூரில் படித்த ராஜீவ் மோத்வானியும் கொடுத்தார்கள். இருவரும் கணினி விஞ்ஞானிகள். அதன் ஒரு வடிவம் இப்படி: அந்த வெளியைக் கண்டபடி ஒரு தளத்தால் வெட்டுங்கள். ஒரு புள்ளி இந்தப் பக்கம் என்றால் 1, அந்தப் பக்கம் என்றால் 0. இப்படி 20 வெட்டு போட்டால் ஒவ்வொரு புள்ளிக்கும் 20 இலக்க அடையாளம் கிடைக்கும். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் உருவாகும். அருகருகே இருக்கும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் ஒரு வெட்டு விழும் வாய்ப்பு குறைவு. அதனால் அவை பெரும்பாலும் ஒரே பெட்டியில் விழும். கடிதத்தை ஊரெல்லாம் கொண்டு அலையாமல் பின்கோடு பார்த்து ஒரே பகுதிக்குள் தேடுவதுபோல, சர்வர் அந்தப் பெட்டியை மட்டும் பார்த்தால் போதும். துரதிர்ஷ்டவசமாக ஒரு வெட்டு நடுவில் விழுந்துவிட்டால்? வேறு 20 வெட்டுகளுடன் இன்னொரு அட்டவணையும் வைத்துக்கொள்வார்கள். குருட்டாம்போக்கில் வெட்டுவது தேடலை இத்தனை வேகமாக்கும் என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

இன்னொரு சிக்கல் பாக்கி. ஒரு சட்டகத்தை வைத்து மட்டும் முடிவுகட்ட முடியாது. எந்த மைதானமானாலும் புல் பச்சை. விளம்பர இடைவேளைக்கு முன்னால் வரும் கறுப்புத் திரை எல்லா சேனலிலும் கறுப்புதான். இங்கேதான் நேரம் உதவிக்கு வருகிறது. அடுத்தடுத்த சட்டகங்களின் புள்ளிகளைச் சேர்த்தால் அந்த வெளியில் ஒரு பாதை உருவாகும். இரண்டு நிகழ்ச்சிகள் ஒரு கணம் ஒரே இடத்தைக் கடக்கலாம், ஆனால் தொடர்ந்து ஒரே பாதையில் போகாது. சில விநாடிகளில் ஒன்றே ஒன்று மிஞ்சும். அது எந்த நிகழ்ச்சி, அதில் எத்தனையாவது விநாடி என்பது வரை தெரிந்துவிடும். நீங்கள் நிறுத்தினால் புள்ளி நகராது. பின்னால் ஓட்டினால் பாதை பின்னால் போகும். விளம்பரம் வந்ததும் சேனல் மாற்றினால் அதுவும் பதிவாகும். எல்லாம் திரையில் தெரியும் படத்திலிருந்தே எடுக்கப்படுவதால், படம் செட்டாப் பாக்ஸிலிருந்து வந்தாலும் லேப்டாப்பிலிருந்து வந்தாலும் ஒன்றுதான்.

இது வெறும் ஊகமில்லை. 2014 பிப்ரவரியிலிருந்து விசியோ 1.1 கோடி டிவிகளில் விநாடிக்கு விநாடி இப்படித் திரட்டியதாக அமெரிக்க வணிக ஆணையமான எஃப்டிசியும் நியூஜெர்சி மாநிலமும் வழக்குத் தொடுத்தன. 2017-ல் 22 லட்சம் டாலர் கட்டி நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. டிவியின் ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் அந்த வீட்டு இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணை, தரவு வியாபாரிகளிடம் கொடுத்து, அந்த வீட்டில் இருப்பவர்களின் வயது, வருமானம், திருமணமானவரா, சொந்த வீடா என்பதையெல்லாம் பார்த்த நிகழ்ச்சிகளோடு சேர்த்தார்கள் என்பது அந்த வழக்கில் வந்த விவரம். வீட்டு வைஃபையில் இருக்கும் போன்களும் வெளியே காட்டுவது அதே ஐபி முகவரியைத்தான் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

2024-ல் யூனிவர்சிட்டி காலேஜ் லண்டன், கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகம், மாட்ரிட்டின் மூன்றாம் கார்லோஸ் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் சாம்சங், எல்ஜி டிவிகளைச் சோதித்தார்கள். எல்ஜி 15 விநாடிக்கு ஒருமுறையும் சாம்சங் நிமிடத்துக்கு ஒருமுறையும் சர்வருக்குத் தகவல் அனுப்பின. எச்டிஎம்ஐ வழியாக லேப்டாப்பை இணைத்து டிவியை வெறும் மானிட்டராகப் பயன்படுத்தியபோதும் இது நிற்கவில்லை. டிவியின் செட்டிங்ஸில் போய் அனுமதியை நீக்கியதும் நின்றது.

அந்தக் கடைசி வரி முக்கியம். சாம்சங்கில் வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ், எல்ஜியில் லைவ் பிளஸ், ரோகு டிவிகளில் யூஸ் இன்ஃபோ ஃப்ரம் டிவி இன்புட்ஸ் என்று வேறு வேறு பெயர்களில் இது ஒளிந்திருக்கிறது. தேடி அணையுங்கள். அணைத்தாலும் முகப்பில் விளம்பரம் வரும், உங்களைக் குறிவைத்து வருவதுதான் குறையும். கூகுள் டிவியில் ஆப்ஸ் ஒன்லி மோட் போட்டால் பரிந்துரைகளும் குறையும். செட்டாப் பாக்ஸ் மட்டும் பார்க்கிற வீட்டில் டிவிக்கு வைஃபை பாஸ்வேர்டே கொடுக்க வேண்டியதில்லை. இணைப்பு இல்லாவிட்டால் கைரேகை போய்ச்சேராது, புது விளம்பரமும் வராது. மைக்குக்கு டேப் ஒட்டுவதால் இதில் ஒன்றும் நிற்காது. ஒட்டுக்கேட்கிறது என்ற பயம், பார்க்க வேண்டிய இடத்தைவிட்டு நம் கவனத்தைத் திருப்பிவிடுகிறது என்பதுதான் என் வருத்தம்.

இந்தியாவில் 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2025 நவம்பரில் அதன் விதிகளும் வந்தன. சட்டம் இருந்தால் போதாது. இங்கே விற்கும் டிவிகள் உண்மையில் என்ன அனுப்புகின்றன என்று யாராவது அளந்துகொண்டே இருக்க வேண்டும். பொதுப்பணம் அதற்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பியோத்ர் இந்திக், ராஜீவ் மோத்வானி இருவரும் எழுதியது டிவிக்காக அல்ல, ஒரு சுத்தமான கணிதக் கேள்விக்காக. அதைப் பயன்படுத்தி மக்களைக் கண்காணிக்க நிறுவனங்களிடம் பணம் இருக்கிறது. அந்தக் கண்காணிப்பை அளக்கப் பல்கலைக்கழகங்களிடமும் பணம் இருக்க வேண்டும். இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம்கூட வேண்டாம். ஒரு பொறியியல் கல்லூரி மாணவர் லேப்டாப்பை ஹாட்ஸ்பாட்டாக்கி, டிவியை அதில் இணைத்து, வயர்ஷார்க் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டால் போதும். தரவு பூட்டப்பட்டுத்தான் போகும், உள்ளடக்கம் தெரியாது. ஆனால் எந்த முகவரிக்கு, எத்தனை விநாடிக்கு ஒருமுறை, எவ்வளவு பைட் போகிறது என்பது தெரியும். அனுமதி இருக்கும்போது ஒரு மணி நேரம், நீக்கிய பிறகு ஒரு மணி நேரம் என்று பதிவுசெய்து இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், டிவி சொன்னபடி நிறுத்தியதா இல்லையா என்று தெரிந்துவிடும்.