ஆரத்தித் தட்டும் அல்சர் கிருமியும்

கோபியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "ஏனுங்க, எங்க அப்புச்சிக்கு எண்டோஸ்கோப்பி பண்ணுனாங்க. குருணை அளவு சதையைக் கிள்ளி ஒரு மஞ்சள் பொட்டுமேல வெச்சாங்க, கொஞ்ச நேரத்துல அது செவந்துருச்சு. கிருமி இருக்குன்னு சொல்லிட்டாங்க. அதெப்படிங்க?"

எண்டோஸ்கோப்பி என்பது நுனியில் கேமரா வைத்த வளையும் குழாய், அதை விடுங்கள். அந்த மஞ்சள் பொட்டுதான் எனக்கு ஆசையான விஷயம்.

ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரோடு துளி சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதே, அதே கதைதான். பொட்டில் இருப்பது ஈரோட்டு மஞ்சள் இல்லை, பீனால் ரெட் என்ற சாயம், ஆனாலும் காரத்தன்மை பட்டால் இதுவும் சிவக்கும். சரி, அமிலம் ஊறும் இரைப்பையில் கிள்ளிய சதைக்குக் காரம் எங்கிருந்து வந்தது?

யூரியாவிலிருந்து! சொசைட்டியில் மூட்டையாக வாங்குகிறோமே, அதே பொருளைப் பொட்டில் கலந்திருப்பார்கள். ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமியின் யூரியேஸ் நொதி அதை அம்மோனியாவாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் உடைக்கிறது. அம்மோனியா காரத்தன்மை உள்ளது, பொட்டு சிவப்பது அதனால்தான். யூரியா போட்ட வயலில் சில நேரம் மூக்கில் ஏறும் நெடியும் அந்த அம்மோனியாதான், அங்கே உடைப்பது மண்ணிலுள்ள யூரியேஸ்.

வயிற்றுக்குள் இந்தக் கிருமி, ரத்தத்திலிருந்து இரைப்பைக்குக் கசிகிற யூரியாவை உடைத்துத் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்துக்கொள்கிறது. அமிலம் குறைந்ததும் இரைப்பைச் சுவரின் மேலிருக்கும் கெட்டியான சளிப்படலம் அந்த இடத்தில் மட்டும் இளகுகிறது, சுருள் உடம்புக்காரன் வாலைச் சுழற்றி அதற்குள் நீந்திப் போய்விடுகிறான். கன்னக்கோல்கூட வேண்டாத திருடன்.

அல்சருக்குக் கவலையும் மிளகாயும்தான் காரணம் என்று நம்பியிருந்த காலத்தில், 1984இல் ஆஸ்திரேலிய மருத்துவர் பேரி மார்ஷல் இந்தக் கிருமியை வளர்த்துத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் அவருக்கும், அவரோடு சேர்ந்து இந்தக் கிருமியைக் கண்டுபிடித்த ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு.

இங்கே இன்னமும் வயிற்றுவலி நீடித்தால் "யாரோ மருந்து வெச்சுட்டாங்க" என்று ஊதி எடுக்கிறவரிடம் போகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊதித்தான் தீரவேண்டுமென்றால் ஆஸ்பத்திரியிலேயே ஊதலாம். கார்பன்-13 (சாதாரணக் கார்பனைவிடக் கொஞ்சம் கனமான கார்பன்) உள்ள யூரியாவைக் குடித்து, அரைமணி கழித்து ஒரு பையில் ஊத வேண்டும், கிருமி இருந்தால் அந்தக் கார்பன் மூச்சுக்காற்றில் கூடுதலாக வரும்.

அப்புச்சிக்கும் மாத்திரை முடித்து நாலு வாரமாவது கழித்து இதைச் செய்து பாருங்கள். அதற்கு முந்தைய இரண்டு வாரம் பான்டோப்ரசோல் மாதிரி கேஸ் மாத்திரை கூடாது, கிருமி அடங்கிக் கிடந்து ஏமாற்றிவிடும். நிறுத்தலாமா என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்க.