டேக்கில் ராலே என்று இருந்தாலும் பெட்டி நியூயார்க்கில்தான் இறங்கும்

பிள்ளையைப் பார்க்க முதல் முறையாக அமெரிக்கா போகிற பெற்றோர், நியூயார்க்கில் விமானம் மாறி, வட கரோலினாவின் ராலே-டர்ஹமில் இறங்கிக் கைவீசிக்கொண்டு நிற்கிறார்கள். பெட்டியைக் காணோம், சர்க்கரை மாத்திரை முழுக்க அதற்குள். பெட்டி தொலையவே இல்லை. நியூயார்க்கில் பெல்ட்டில் சுற்றியது, எடுக்க ஆளில்லாததால் யாரோ இறக்கி ஓரமாக வைத்துவிட்டார்கள். டிக்கெட் போடும் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புதிய புகார் அல்ல. ஆனாலும் ஒவ்வொரு கோடையிலும் வந்துகொண்டே இருக்கிறது.

கேட்டால் வரும் பதில் ஒன்றுதான்: "சென்னை கவுன்டரில் பெட்டி நேரே ராலே போயிடும்னு சொன்னாங்களே, டேக்கிலும் ஆர்.டி.யு.ன்னுதானே இருந்தது?"

ஆர்.டி.யு. என்பது ராலே-டர்ஹம் விமான நிலையத்தின் குறியீடு. ஆனால் பெட்டியில் ஒட்டும் டேக் என்பது விமான நிறுவனம் தன் ஆட்களுக்கு எழுதிக்கொள்ளும் விலாசம். சுங்கம் அந்த நாட்டுச் சட்டம். அமெரிக்க மண்ணில் முதலில் எந்த ஊரில் இறங்குகிறீர்களோ, அங்கேயே பெட்டியை உங்கள் கையால் எடுத்து, சுங்கத்தைக் கடந்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் இதே கதைதான். கவுன்டரில் இருந்தவர் பொய் சொல்லவில்லை; புது டேக் ஒட்ட வேண்டாம் என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். நீங்கள் எடுக்கவே வேண்டாம் என்று புரிந்துகொண்டீர்கள். துபாயிலும் தோஹாவிலும் பெட்டி தானாக மாறியதே என்று கேட்பார்கள். அங்கே நீங்கள் அந்த நாட்டுக்குள் நுழையவில்லை, அதனால் மாறியது.

வரிசை இது: இமிக்ரேஷன், பெல்ட், சுங்கம், அதைத் தாண்டியதும் மறு ஒப்படைப்பு பெல்ட், பிறகு மறுபடியும் செக்யூரிட்டி. உள்நாட்டு விமானத்துக்குத் தனி டிக்கெட் வாங்கியிருந்தால் அந்த மறு ஒப்படைப்பு பெல்ட் உங்களுக்கு இல்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு அந்த நிறுவனத்தின் கவுன்டருக்குப் போக வேண்டும், பெரும்பாலும் பெட்டிக்குத் தனியாகப் பணமும் கட்ட வேண்டும். நூறு டாலர் மிச்சம் என்று வயதானவர்களுக்கு இப்படிப் போடாதீர்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு உங்களிடம் எந்தப் பொறுப்பும் கிடையாது.

வளைகுடா வழியில் விதிவிலக்கு அபுதாபி. அமெரிக்க இமிக்ரேஷனும் சுங்கமும் அங்கேயே முடிந்துவிடும். இறங்கும்போது உள்நாட்டுப் பயணி மாதிரி வெளியே வரலாம், பெட்டியும் கடைசி ஊருக்கே போகும். அபுதாபியில் மூன்று மணி நேர இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள், வரிசை அங்கே நீளும். துபாய், தோஹா, லண்டன், ஃபிராங்க்ஃபர்ட்டில் இந்த வசதி இல்லை.

முதல் இறங்குமிடத்தை விலை பார்த்து மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். நியூயார்க் ஜே.எஃப்.கே.யில் டெர்மினல்கள் தனித்தனிக் கட்டடங்கள். வெளியே வந்து ஏர்ட்ரெயின் என்ற ரயிலைப் பிடிக்க வேண்டும். கத்தார் ஏர்வேஸில் வந்து அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஏறினால் இரண்டும் எட்டாம் டெர்மினல், நிம்மதி. சிகாகோ ஓஹேரில் துபாய், தோஹா விமானங்கள் ஐந்தாம் டெர்மினலில் இறங்கும். அடுத்து ஏற வேண்டிய யுனைடெட் ஏர்லைன்ஸ் ஒன்றாம் டெர்மினலில், அமெரிக்கன் மூன்றில். நடுவே ரயில். டல்லாஸ் டி.எஃப்.டபிள்யூ.விலும் அட்லாண்டாவிலும் செக்யூரிட்டி முடிந்தபின் உள்ளேயே ரயில் எல்லாப் பகுதிக்கும் போகும், பெரியவர்களுக்கு ஏற்ற இடங்கள். ஒன்றரை மணி நேர இடைவெளியை இணையதளம் தாராளமாக விற்கும். வாங்காதீர்கள். மூன்று மணி நேரம், டெர்மினல் மாறினால் நான்கு.

ஊர்ப் பெயரை நம்பாதீர்கள், மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள். ஜே.எஃப்.கே.யில் இறங்கி, அதே ஊரின் இன்னொரு விமான நிலையமான லாகார்டியாவில் ஏறச் சொல்லும் டிக்கெட்டும் "நியூயார்க்–நியூயார்க்" என்றே காட்டும். நடுவே 16 கிலோமீட்டர் சாலை, நியூயார்க் நெரிசல். நியூவர்க் என்றால் நியூ ஜெர்சி மாநிலத்துக்கே போக வேண்டும். வாஷிங்டனில் டல்லஸ் விமான நிலையம் வேறு, ரீகன் வேறு. ஹூஸ்டனில் புஷ் வடக்கே, ஹாபி தெற்கே. போர்ட்லாண்ட் ஒரேகானிலும் உண்டு, எதிர்க்கரையில் மெயினிலும் உண்டு. கலிஃபோர்னியாவில் இருக்கும் ஆன்டேரியோவைக் கனடா என்று நினைப்பவர்களும் உண்டு. சின்சினாட்டி விமான நிலையம் இருப்பதோ பக்கத்து மாநிலமான கென்டக்கியில்!

பென்டன்வில் போன்ற சிறிய ஊர்களுக்குப் பெரும்பாலும் சிறிய ஜெட்தான் போகும். கைப்பெட்டி மேலே நுழையாது, விமான வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள். மாத்திரையும் பாஸ்போர்ட்டும் அந்தப் பெட்டியில் அல்ல, தோள்பையில் இருக்கட்டும். கடைசி விமானத்தில் பதிவு செய்யாதீர்கள். தவறினால் அடுத்தது மறுநாள் காலைதான்.

இரண்டாவது செக்யூரிட்டியில்தான் ஊறுகாய் பறிபோகும். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் தொக்கு, நெய் எதுவும் கூடாது. துபாயில் வாங்கிய வாசனைப் புட்டியை, பெட்டி கைக்கு வந்ததும் அதற்குள் வைத்துவிடுங்கள். கறிவேப்பிலைக்கு அனுமதியே கிடையாது, எலுமிச்சை வகைச் செடிகளைத் தாக்கும் பூச்சி அதில் வரும் என்பதால். உணவு இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றே சொல்லச் சொல்லுங்கள். சொன்னால் ஆகாததை எடுத்துக்கொண்டு விடுவார்கள், மறைத்தால் அபராதம்.

பிள்ளைகளே, வீல்சேரை டிக்கெட் போடும்போதே சேர்த்துவிடுங்கள், அதற்குப் பணம் இல்லை. அம்மா நன்றாக நடப்பார் என்பது இங்கே விஷயமல்ல. தள்ளி வருபவர் பெல்ட்டுக்கும் அடுத்த கேட்டுக்கும் வழி தெரிந்தவர். அவர் வரும்வரை இருக்கையை விட்டு எழ வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். அப்பாவின் சட்டைப்பையில் ஒரு தாள் வையுங்கள். ஒரு பக்கம் தமிழில், பெரிய எழுத்தில்: "நியூயார்க்கில் நான்கு பெட்டியும் எடுக்க வேண்டும். எடுத்து மறுபடி பெல்ட்டில் கொடுக்க வேண்டும்." மறு பக்கம் ஆங்கிலத்தில் விமான எண், உங்கள் வீட்டு முகவரி, கைப்பேசி எண்.