கடைசி ரேங்க் வாங்காம இருந்தா போதும்: கில்லட்டின் லீக்ல டிராஃப்ட் கணக்கு

2024 செப்டம்பர் 9, திங்கக்கிழமை சாயங்காலம், டல்லாஸ்ல எங்க வீட்டு சோபால உக்காந்திருக்கேன், என் அமெரிக்கன் ஃபுட்பால் ஃபேன்டசி டீம்ல மத்த எல்லாரும் ஞாயித்துக்கிழமையே ஆடி முடிச்சாச்சு, மிச்சம் ஒரே ஒருத்தர், கிறிஸ்டியன் மெக்காஃப்ரி. எங்க லீக்ல முதல் பிக், அதாவது முதல்ல ஆளை எடுக்கிற சான்ஸ், எனக்குத்தான் விழுந்துச்சு, யோசிக்கவே இல்ல, அவரைத் தூக்கிட்டேன். முந்தின சீசன்ல 1,459 யார்டு ஓடி, மொத்தம் 21 டச்டவுன் (நம்ம ஊர் ஃபுட்பால்ல கோல் மாதிரி) போட்ட மனுஷன், வேற யாரை எடுப்பாங்க? அன்னைக்கு ராத்திரி அவர் 6 பாயிண்ட் எடுத்தா நான் பொழைச்சேன். மேட்சுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடி ஆடாதவங்க லிஸ்ட் வருது, கெண்டைக்கால்ல வலி, இன்னைக்கு இறங்க மாட்டார்னு. அவருக்குப் பதிலா வந்த ஜோர்டன் மேசன் 28 தடவை பந்தைத் தூக்கி 147 யார்டு ஓடினார். மேசன் வேற ஒருத்தன் டீம்ல. எனக்கு முட்டை.

சாதா லீக்கா இருந்தா "சரி, ஒரு வாரம் தோத்தோம்"னு தூங்கப் போயிருப்பேன். ஆனா எங்களது கில்லட்டின் லீக். முதல் வாரமே தலை போச்சு, டிசம்பர் வரைக்கும் நான் வேடிக்கை பார்க்கிறவன்.

இது என்னன்னு தெரியாதவங்களுக்கு: நான் சொல்றது அமெரிக்கன் ஃபுட்பால், என்எஃப்எல். ட்ரீம்11 மாதிரி எல்லாரும் கோலியை எடுத்துக்கலாம்னு கிடையாது, லீக்ல ஒரு ஆட்டக்காரர் ஒரு டீமுக்குத்தான். சீசனுக்கு முன்னாடி டிராஃப்ட் நடக்கும், வரிசையா ஒவ்வொருத்தரா எடுக்கணும், அடுத்த ரவுண்டுல வரிசை தலைகீழா திரும்பி வரும், பாம்பு வளையிற மாதிரி. வாரா வாரம் நம்ம ஆளுங்க நிஜ மேட்ச்ல ஓடுற யார்டு, பிடிக்கிற பந்து, போடுற டச்டவுன் எல்லாம் நமக்குப் பாயிண்ட்.

சாதா லீக்ல வாரம் ஒருத்தரோட மோதுவோம். கில்லட்டின்ல மோதலே கிடையாது, 18 டீம், ஒவ்வொரு வாரமும் எல்லாரையும் விடக் கம்மியா எடுத்த டீமுக்கு வெட்டு, அந்த டீம்ல இருந்த அத்தனை பேரும் ஏலத்துக்கு வந்துடுவாங்க. ஸ்போர்ட்ஸ் டேல ஆடுற மியூசிக்கல் சேர்தான். 17 வாரம் முடிஞ்சா ஒருத்தர் மிச்சம். வெட்டுனா மொத்தமா வெட்டு, பிரெஞ்சுப் புரட்சில தலை எடுத்த மெஷின் பேரை அதான் வச்சிருக்காங்க.

நான் பண்ண தப்பு என்னன்னா, சாதா லீக் மூளையோட டிராஃப்ட்டுக்குப் போனேன். அங்க கேள்வி "யார் நிறைய எடுப்பாங்க". இங்க முதல் பத்து வாரத்துக்குக் கேள்வியே வேற, நான் கடைசி ஆகாம இருப்பேனா. கிளாஸ்ல முதல் ரேங்க்குக்கு எந்தப் பரிசும் கிடையாது, ஆனா கடைசி ரேங்க் வாங்கினா டிசி கொடுத்துருவாங்கன்னு வச்சுக்கோங்க, எப்படிப் படிப்பீங்க? அப்படித்தான் டிராஃப்ட் பண்ணணும்.

கணக்காப் பாத்தா இன்னும் நல்லாப் புரியும். சும்மா ஒரு உதாரணத்துக்கு, லீக்ல ஒரு நார்மல் டீம் வாரம் சராசரியா 110 பாயிண்ட் எடுக்குது, ஆனா ஏறி இறங்கும், மூணுல ரெண்டு வாரம் அந்த 110லேர்ந்து 25க்குள்ள இருக்கும்னு வைங்க. இப்படி 18 டீம் ஆடுனா அதுல கடைசியா வர்ற டீம் ஏறக்குறைய 65 பாயிண்ட்ல நிக்கும். அதான் கத்தி விழுற இடம். இப்ப ரெண்டு டீம் எடுத்துக்கோங்க. ஒண்ணு டிராவிட் டீம், சராசரி 105தான், ஆனா ஏற்ற இறக்கம் நார்மல் டீம் மாதிரி 25 இல்ல, வெறும் 18. இன்னொண்ணு சேவாக் டீம், சராசரி 112, ஏற்ற இறக்கம் 30. டிராவிட் டீம் 65க்குக் கீழ போறது 100 வாரத்துல ஒரு தடவை, மிஞ்சிப் போனா ரெண்டு. சேவாக் டீம் கிட்டத்தட்ட 6 தடவை. சராசரி 7 பாயிண்ட் அதிகம் இருக்கிற டீம்தான் நாலு மடங்கு சுலபமா சாகுது!

இதையே கடைசி வாரத்துக்குக் கொண்டு போங்க, ரெண்டே டீம் மிச்சம், எதிர்ல ஒரு நார்மல் டீம். இப்ப டிராவிட் ஜெயிக்க வாய்ப்பு 44 சதவீதம், சேவாக்குக்கு 52. அப்படியே தலைகீழ். பாயிண்ட் கணக்கு அதேதான், எத்தனை பேர் மிச்சம்ங்கிறதை வச்சு எது நல்ல டீம்ங்கிறதே மாறிப் போகுது, எனக்கு இந்த லீக் பிடிச்சதே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

சரி, டிராவிட் மாதிரி ஆளை எப்படிக் கண்டுபிடிக்கிறது? பந்து எத்தனை தடவை கைக்கு வருதுன்னு பாருங்க. எங்க லீக்ல ஒரு பந்து பிடிச்சா 1 பாயிண்ட், 10 யார்டுக்கு 1 பாயிண்ட், டச்டவுனுக்கு 6. வாரா வாரம் குட்டிக் குட்டியா 8 பந்து பிடிச்சு 60 யார்டு போற ரிசீவர் சத்தமே இல்லாம 14 பாயிண்ட் கொண்டு வருவார், டச்டவுன் வேண்டியதில்ல. தூரமா ஓடி ராக்கெட் பாஸ் பிடிக்கிற ஆளு ஒரு வாரம் ரெண்டே பந்துல 110 யார்டு, ஒரு டச்டவுன்னு 19 எடுப்பார், ஹைலைட்ஸ்ல அவர்தான், அடுத்த வாரம் ஒரு பந்து, 9 யார்டு, 1.9 பாயிண்ட். டச்டவுன் விழுறதுல அதிர்ஷ்டம் நிறைய, பந்து கைக்கு வர்றது கோச் போட்ட பிளான், அது அவ்வளவு சீக்கிரம் மாறாது.

ஜோடி சேர்க்கிறதும் இங்க ஆபத்து. சாதா லீக்ல பாஸ் போடுற குவாட்டர்பேக்கையும் அவர் பாஸைப் பிடிக்கிற ரிசீவரையும் சேர்த்து எடுக்கிறது பெரிய வித்தை. 2024ல சின்சினாட்டி ஜோ பர்ரோ 43 டச்டவுன் பாஸ் போட்டார், அதுல 17 ஜமார் சேஸுக்கு, ரெண்டு பேரும் உங்ககிட்ட இருந்தா ஒவ்வொண்ணுக்கும் டபுள் வரவு. ஆனா சின்சினாட்டி படுத்த வாரம் ரெண்டு பேரும் சேர்ந்து படுப்பாங்க. எல்லா முட்டையையும் ஒரே கூடைல வச்ச கதை.

பை வீக்னு ஒண்ணு இருக்கு, ஒவ்வொரு என்எஃப்எல் டீமுக்கும் சீசன் நடுவுல ஒரு வாரம் லீவு. சாதா லீக்ல சில கில்லாடிங்க தன் ஸ்டார்கள் எல்லாருக்கும் ஒரே வாரம் லீவு வர்ற மாதிரி எடுப்பாங்க, அந்த ஒரு வாரத்தைத் தாரை வார்த்துட்டு மிச்ச வாரம் ஃபுல் பலத்தோட ஆடலாம்னு. கில்லட்டின்ல அது தற்கொலை. 2024ல அஞ்சாவது வாரம் டெட்ராய்ட், ஃபிலடெல்ஃபியா ரெண்டுக்கும் லீவு, சாக்வான் பார்க்லி, ஜமீர் கிப்ஸ், அமோன்-ரா செயின்ட் பிரௌன்னு ஆசை ஆசையா எடுத்து வச்சவன் கதியை நினைச்சுப் பாருங்க.

அப்புறம் குவாட்டர்பேக். 10 டீம் லீக்ல அவரைக் கடைசில எடுத்துக்கலாம்னு சொல்வாங்க, அது சரிதான், ஏன்னா என்எஃப்எல்ல 32 டீம், 32 பேர் ஆடுறாங்க, 10 பேர்தான் தேவை. எங்க லீக்ல 18 பேர் தேவை, ஆளுக்கு ஒரு ஸ்பேர் எடுத்தாலே 36 ஆகுது, சரக்கே இல்ல. அதோட நான் முதல் பிக்ல இருந்தேன்னா பாம்பு வளைஞ்சு வந்து எனக்கு அடுத்த சான்ஸ் 36ஆவது பிக்லதான், நடுவுல 34 பேர் போயிருப்பாங்க. ரேஷன் கடை க்யூவுல கடைசில நின்னு பாமாயில் இருக்குமான்னு எட்டிப் பாக்கிற கதைதான்.

இதெல்லாம் சொல்லிட்டு ஒரு உண்மையையும் சொல்லணும், டிராஃப்ட்ல எடுத்த டீமோட யாரும் ஜெயிக்கிறது கிடையாது. ஆரம்பத்துல 18 டீம், ஸ்பேரை விட்டுட்டா டீமுக்கு 9 பேர், 162 இடம். ஆறு டீம் மிச்சம் இருக்கும்போது 54 இடம்தான். ஆனா நல்ல ஆட்டக்காரங்க எங்கயும் போகல, செத்த டீம்லேர்ந்து ஏலத்துக்கு வந்து உயிரோட இருக்கிறவன் கைக்குப் போயிருக்காங்க. டிராஃப்ட் டீம் நவம்பர் வரைக்கும் உங்களை இழுத்துட்டு வந்தாலே போதும், மிச்சத்தை ஏலம் பாத்துக்கும்.

ஏலத்துக்கு சீசன் முழுக்க ஆளுக்கு 1,000 டாலர், பொய்க் காசுதான். யார் எவ்வளவு கேட்டாங்கன்னு தெரியாது, மூடின கவர் டெண்டர் மாதிரி, அதிகம் எழுதினவன் எழுதின தொகையைக் கட்டணும். ரெண்டாவது ஆள் 150 எழுதி நீங்க 400 எழுதியிருந்தா 250 வீண். இதுல ஒரு பழைய பொறி இருக்கு. 1971ல அட்லாண்டிக் ரிச்ஃபீல்ட் எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியர்கள் மூணு பேர், கேப்பன், கிளாப், கேம்ப்பெல், மெக்சிகோ வளைகுடா எண்ணெய் ஏலத்தைப் பாத்துட்டு ஒரு கட்டுரை எழுதினாங்க. கடலுக்கு அடியில எவ்வளவு எண்ணெய்னு யாருக்கும் சரியாத் தெரியாது, எல்லாரும் குத்துமதிப்பாத்தான் போடுறாங்க, அப்ப ஏலம் யார் கைக்குப் போகும்? அதிகமாத் தப்புக் கணக்கு போட்டவன் கைக்கு. ஜெயிச்சவனுக்கு வர்ற சாபம்னு அதுக்குப் பேர். முதல் வாரம் வெட்டுப்பட்ட டீம்ல ஒரு பெரிய ஸ்டார் இருந்தா 17 பேரும் பாய்வாங்க, அப்ப வாங்குறவன் நிச்சயமா அதிகம் கொடுத்திருப்பான். நவம்பர்ல அதே தரத்துல ஆளு பாதி விலைக்குக் கிடைப்பார், ஏன்னா வாங்க ஆளில்ல, சரக்கு நிறைய.

அப்ப காசை இறுக்கிப் பிடிச்சு வச்சுக்கலாமான்னா, அங்கயும் ஒரு கண்டிஷன், காசு வச்சிருக்கிறவன் உயிரோட இருக்கணும்.

அடுத்த சீசன் நான் டிராஃப்ட்டுக்கு லீவு நாளெல்லாம் எழுதி ஒட்டிக்கிட்டுப் போனேன், பந்து நிறைய கைக்கு வர்ற ஆளுங்க, வேற வேற லீவு, குவாட்டர்பேக் மூணாவது ரவுண்டுலயே. ஆபீஸ்ல பக்கத்து சீட் பையன் என் லிஸ்ட்டைப் பாத்துட்டு, "என்னண்ணா, எல்ஐசி பாலிசி மாதிரி டீம் எடுத்திருக்கீங்க"ன்னான். அவனும் எங்க லீக்தான், ஆறாவது வாரமே வெட்டுப்பட்டுப் போயிட்டான். நான் பதினாலு வாரம் ஒரு தடவை கூடக் கடைசிக்குப் பக்கத்துலயே போகல, பதினஞ்சாவது வாரம் நாலு பேர் மிச்சம் இருக்கும்போது 96 பாயிண்ட் எடுத்து வெட்டுப்பட்டேன், மத்த மூணு பேரும் டீமையே சேவாக்கா மாத்தி ரொம்ப நாளாச்சு. என் கணக்குல 310 டாலர் அப்படியே இருந்துச்சு.