குஸ்தார்: 'விரும்பு' இல்லை, 'பிடி'

ஸ்பெயினுக்கும் பனியன் போகிற ஊர் திருப்பூர். அங்கே வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கும் என் தங்கை ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கிய வாரமே போன் செய்தாள். "ஏண்ணா, 'யோ குஸ்தோ எல் கஃபே'ன்னு எழுதுனாத் தப்புங்கறாங்க. யோன்னா நான்தானே?"

நான்தான். சிக்கலே அந்த 'நான்'தான். ஆங்கில வழியாகப் படித்ததால் குஸ்தார் என்ற வினைக்கு 'விரும்பு' என்று மனதில் பதிந்துவிட்டது. சரியான தமிழ், 'பிடி'. 'மே குஸ்தா எல் கஃபே' என்பதில் மே என்றால் எனக்கு, குஸ்தா என்றால் பிடிக்கிறது, எல் கஃபே காபி. நம் நான்காம் வேற்றுமை அப்படியே உட்கார்ந்திருக்கிறது. 'நான் காபி பிடிக்கும்' என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லாது. எழுவாய் காபிதான் என்பதால் பன்மை வந்தால் வினையும் மாறும்: மாம்பழங்கள் பிடிக்கும் என்றால் 'மே குஸ்தான் லோஸ் மாங்கோஸ்'. (அந்த மாங்கோவே நம் பக்கத்து 'மாங்காய்' போர்ச்சுகீசியர் வழியாகப் போனதுதான்.)

மூலம் லத்தீனின் 'குஸ்தாரே', சுவைத்துப் பார்த்தல். குஸ்திக்கும் இதற்கும் உறவில்லை, அது பாரசீகம். நாக்கில் பிறந்த சொல் மனசுக்கு ஏறியிருக்கிறது, நம் 'சுவை' நகைச்சுவைக்கும் கலைச்சுவைக்கும் போனது போல. 'பிடி' கையில் பிறந்து அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. இன்று ருசி பார்ப்பதற்கு அவர்கள் பெரும்பாலும் 'புரோபார்' என்றே சொல்கிறார்கள். புதிதாக ஒருவரைச் சந்திக்கும்போது சொல்லும் 'முச்சோ குஸ்தோ'வும் இதே குடும்பம்.

ஆள் என்று வரும்போது வழி பிரிகிறது. 'எனக்கு உன்னைப் பிடிக்கும்' என்பதில் நம் வினை அசையாது. அவர்களோ 'மே குஸ்தாஸ்', அதாவது 'எனக்கு நீ பிடிக்கிறாய்' என்பார்கள். இதை ஆர்டர் கொடுக்கும் பையரிடம் (buyer) சொல்லித் தொலைக்காதே என்றேன். காதல் வாடை அடிக்கும். நல்ல மனிதர் என்று சொல்ல 'மே காயே பியென்' இருக்கிறது. சொல்லுக்குச் சொல் பார்த்தால், 'எனக்கு நன்றாக விழுகிறார்'!

மரியாதைக்கும் இடமுண்டு. 'தே குஸ்தா?' என்றால் 'உனக்குப் பிடிக்குதா?' சாம்பிளை நீட்டும்போது 'லே குஸ்தா?', நம்மூர்ப் பேச்சில் 'உங்களுக்குப் புடிச்சிருக்குதுங்களா?' ஸ்பெயின்காரர்கள் சீக்கிரமே 'நீ'க்கு இறங்கிவிடுவார்கள், அது வேறு.

இந்த 'எனக்கு' எல்லா இடத்திலும் ஓடாது. தலைவலிக்கு 'மே துவெலே லா கபேசா', எனக்குத் தலை வலிக்கிறது, சரி. பசிக்கு மட்டும் 'தேங்கோ ஆம்ப்ரே', பசி வைத்திருக்கிறேன் என்கிறார்கள்.

அப்புறம், 'எனக்கும்' என்று பதில் சொல்ல 'யோ தம்பியேன்' கூடாது, 'அ மீ தம்பியேன்'. தங்கை இதை எழுதி வைத்துக்கொள்ளவே இல்லை. "தம்பி, ஏன்? அவ்வளவுதானேண்ணா" என்றாள்.